மலை உச்சிக்கு எந்த ஆன்டெனா: வயரா, விப்பா?

போன மார்கழியில் ஏலகிரி சுவாமிமலைக்கு ஹாம் ரேடியோவோடு, அதாவது பொழுதுபோக்கு வானொலிக்காரர்கள் ஒருவரோடொருவர் பேசும் கருவியோடு, ஏறினோம். சென்னையிலிருந்து காலை ரயிலில் ஜோலார்பேட்டை, அங்கிருந்து 14 கொண்டை ஊசி வளைவு தாண்டிப் பஸ், அப்புறம் நடை. என்னிடம் இருந்தது ஐந்து வாட் பெட்டி. ஆன்டெனா விஷயத்தில்தான் சண்டை. நண்பர் இழுத்து நீட்டுகிற ஸ்டீல் விப்பை (நிமிர்ந்து நிற்கும் குச்சி ஆன்டெனா) தூக்கி வந்தார், நான் எண்ட்-ஃபெட் அரை அலை வயரை (அலைநீளத்தில் பாதி நீளம், ஒரு முனையில் மட்டும் இணைப்பு) சுருட்டி வந்தேன்.

விலையும் எடையும் பேசவே வேண்டியதில்லை. வயர் ரிச்சி தெருவில் வாங்கிய ஸ்பீக்கர் வயரைப் பிரித்தது. 14 மெகாஹெர்ட்ஸுக்குச் சுமார் 10 மீட்டர் போதும். கூடவே ஒரு ஃபெரைட் வளையத்தில் சுற்றிய 49:1 டிரான்ஸ்ஃபார்மர் (வயர் முனையின் உயர்ந்த எதிர்ப்பைப் பெட்டிக்கு ஏற்றபடி இறக்குவது), ஆறு மீட்டர் தூண்டில் கம்பு, அவ்வளவுதான். விப் வெளியிலிருந்து வரவழைத்த சாமான். ஆனால் ஐந்து நிமிடத்தில் நிற்கும், கம்பு கட்ட இடம் தேடி அலைய வேண்டாம். அந்த வசதியை நான் மறுக்கவில்லை.

எனக்கு முடிவு சொன்னது பாறை. கால் அலை விப் (அலைநீளத்தில் கால் பங்கு உயரம்) என்பது பாதி ஆன்டெனாதான். மறு பாதி தரை. உச்சியில் மண்ணே இல்லை, விப்பை ஊன்றும் ஈட்டி இறங்கவில்லை. ஐந்து மீட்டர் வயர் நான்கைப் பாறை மேல் ரேடியலாக, அதாவது தரைக்குப் பதிலாக விப்பின் அடியிலிருந்து சுற்றிலும், விரித்தோம். கோயிலுக்கு வந்தவர்கள் கால் தடுக்காமல் பார்த்துக்கொள்வதே தனி வேலையாகிவிட்டது.

மீட்டரில் எஸ்.டபிள்யூ.ஆர் (பெட்டியின் 50 ஓமுக்கு ஆன்டெனா எவ்வளவு பொருந்துகிறது என்ற அளவு) ஒன்றுக்கு ஒன்று, அதாவது சரியாக 50 ஓம். நண்பர் முகம் மலர்ந்துவிட்டது. எனக்கு அங்கேதான் சந்தேகம் வந்தது. நல்ல தரை மேல் நிற்கும் கால் அலை ஆன்டெனா கிட்டத்தட்ட 36 ஓம்தான் காட்ட வேண்டும். 50 காட்டினால் மீதி 14 ஓம் தரையின் இழப்பு என்று பொருள். ஐந்து வாட்டில் ஏறக்குறைய ஒன்றரை வாட் பாறையைச் சூடாக்கப் போகிறது. மீட்டரோ எல்லாம் சரி என்கிறது! 40 மீட்டர் பேண்டுக்காக (7 மெகாஹெர்ட்ஸ், அலை இரு மடங்கு நீளம்) அதே விப்பின் அடியில் காயில், அதாவது கம்பிச் சுருள், போட்டால் நிலைமை இன்னும் மோசம். கதிர்வீச்சு எதிர்ப்பு (அலையாக வெளியே போகும் பங்கு, ஓம் கணக்கில்) பத்து ஓமுக்குள் இறங்கிவிடும், தரை இழப்பு அப்படியே இருக்கும். பாதிக்கு மேல் பாறைக்கே போய்விடும்.

அரை அலை வயரின் முனையில் மின்னோட்டம் மிகக் குறைவு. அதனால் அது தரையை அவ்வளவாக நம்பியிருக்காது, பெட்டியிலிருந்து வரும் கோஆக்ஸ் கேபிளின் உலோக மேலுறையே சமாளித்துவிடும். டிரான்ஸ்ஃபார்மரிலும் கொஞ்சம் இழப்பு உண்டு, மறைக்கவில்லை. ஆனால் அது மலைக்கு மலை மாறாது. ஒரு எச்சரிக்கை: ஐந்து வாட்டிலேயே முனையில் நூறு வோல்ட்டுக்கு மேல் இருக்கும். குழந்தைகள் கை எட்டாத உயரத்தில் கட்டுங்கள்.

அரை மணி நேரம் விப்பில் கூப்பிட்டதில் இரண்டு பேர் கிடைத்தார்கள். வயருக்கு மாறியதும் ஆறு பேர். ஸோட்டா (மலை உச்சியிலிருந்து பேசிப் புள்ளி சேர்க்கும் ஹாம் திட்டம்) கணக்குக்கு நான்கு பேர் போதும். இதைப் பெரிய ஆதாரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த நேரத்துக்குப் பேண்டே நன்றாகத் திறந்து, அலை தூரம் போயிருக்கலாம். நான் இந்த வயரோடு ஏறியது மொத்தம் நான்கு முறைதான், மழையில் ஒருமுறைகூட இல்லை. தூரத்து நாடுகளுக்கு, தாழ்ந்த கோணத்தில் வீசும் விப் மேல் என்பார்கள். நல்ல தரை இருந்தால் நானும் ஒத்துக்கொள்வேன்.

வயரின் ஒரே தொல்லை சிக்கு. முள் செடியில் மாட்டினால் கால் மணி நேரம் போய்விடும். பட்டம் விடும் நூல் மாதிரி அட்டையில் எட்டு போட்டுச் சுற்றப் பழகிய பிறகு அதுவும் குறைந்தது. ஒருமுறை அறுந்தது, முறுக்கி டேப் ஒட்டி அங்கேயே பேசினேன். விப்பின் மூட்டில் மணல் புகுந்து சிக்கினால் மலையில் ஒன்றும் செய்ய முடியாது.

நண்பர் விப்பை விற்கவில்லை. திருவான்மியூர் கடற்கரையில், அலை வந்து போகிற ஈர மணலில் ஊன்றிப் பேசுகிறார். உப்புத் தண்ணீரைவிட நல்ல தரை எங்கே கிடைக்கும்? அங்கே நான்தான் வயரைச் சுருட்டி வைத்துவிட்டு அவர் பக்கத்தில் போய் உட்காருகிறேன்.