கேப்பர் நாற்று என்று சொல்லி ஆதண்டையை விற்றார்கள்

போன வருடம் ஆடி மாதம், பாலக்கோடு பக்கம் இருக்கும் எங்கள் அரை ஏக்கர் கல்லாங்காட்டில் 300 நாற்று நட்டேன். நாற்று ஒன்று 120 ரூபாய், மொத்தம் 36,000. மனைவியின் வளையலை அடகு வைத்துத்தான் பாதிப் பணம் புரட்டினேன். கேப்பர் என்று சொல்லி விற்ற அத்தனையும் நம் வேலியோரம் கிடக்கும் ஆதண்டை. அதே ஆள் பென்னாகரம், காரிமங்கலம் பக்கமும் போகிறார் என்று கேள்விப்பட்டதால் இதை எழுதுகிறேன்.

கேப்பர் மத்தியதரைக் கடல் நாடுகளின் முட்செடி. பாறை இடுக்கிலும் பழைய மதில் சுவரிலும்கூடத் தானாக வளரும். அதில் விலை போவது ஊறுகாய்போல உணவில் சேர்க்கும் பூமொட்டு. விரிவதற்கு முன் காலையிலேயே கையால் பறித்து உப்பில் போடுகிறார்கள். மொட்டு சிறுக்கச் சிறுக்க விலை ஏறும். 7 மில்லிமீட்டருக்குள் இருப்பதுதான் முதல் தரம். இத்தாலியின் பன்டெல்லேரியா தீவில் விளையும் கேப்பருக்குப் புவிசார் குறியீடே உண்டு. இதெல்லாம் உண்மை. நாற்று விற்றவர் பேச்சிலும் இந்த உண்மைகள் கலந்திருந்தன, அதனால்தான் நம்பினேன். கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கம் ஊறுகாய் வெள்ளரியை ஒப்பந்தம் போட்டு விளைவித்து ஏற்றுமதிக்குக் கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன். "அதே மாதிரிதாண்ணா, மொட்டு பூரா கம்பெனியே எடுத்துக்கும்" என்றார்.

ஆறாம் மாதம் மொட்டு வரும், தினமும் சொட்டுநீர் விடுங்கள் என்றார். இரண்டுமே தப்பு. கேப்பர் ஓரளவு காய்க்கவே இரண்டு மூன்று வருடம் ஆகும். அதற்கு வேண்டியது நல்ல வெயிலும் தண்ணீர் நிற்காத மண்ணும். சுண்ணாம்புச் சத்துள்ள கல்மண் என்றால் இன்னும் நல்லது. வேர் ஈரத்திலேயே இருந்தால் அழுகிவிடும். குளிர்காலத்தில் கிளைகளை ஒட்ட வெட்டிவிட வேண்டும், அப்போதுதான் புதுக் கிளையில் மொட்டு பிடிக்கும். விதை லேசில் முளைக்காது, போத்து (கிளைத் துண்டு) வைத்தாலும் வேர் பிடிப்பது சிரமம். அப்படிப்பட்ட செடி ஒரே உயரத்தில், ஒரே வாரத்தில் 300 எப்படிக் கிடைத்தது என்று நான் அன்றே கேட்டிருக்க வேண்டும்.

நாற்றாக இருந்தபோது வீட்டில் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. இந்த வைகாசியில் மழை பெய்து கொழுந்து விட்டதும் அம்மா வந்து பார்த்தார். "ஏண்டா, வேலியில கெடக்கற ஆதண்டையவா காசு குடுத்து வாங்கி நட்ட?" வருடா வருடம் ஆதண்டங்காய் வற்றல் போடுகிறவர், அவர் கண் தப்பாது. ஏரிக்கரை வேலியிலிருந்து ஒரு கிளை ஒடித்து வந்து பக்கத்தில் வைத்தேன். துரு நிறத்தில் பஞ்சு படிந்த அதே கொழுந்து, அதே கொக்கி முள்.

நாற்று விற்றவரிடம் போனில் கேட்டதற்கு "ரெண்டும் ஒரே குடும்பம்தாண்ணா" என்றார். அது பொய்யில்லை. ஆனால் கேப்பர் வாங்குகிறவன் ஆதண்டை மொட்டை வாங்க மாட்டானே. அதற்குப் பிறகு அவர் போனை எடுக்கவில்லை. மொட்டைக் கம்பெனியே வாங்கிக்கொள்வதாக எழுதிக் கொடுத்த பத்திரத்தில் கம்பெனியின் முகவரியே இல்லை.

இரண்டையும் பிரித்துப் பார்ப்பது கஷ்டமில்லை. கேப்பர் இலை வட்டமாக, தடித்து இருக்கும். செடி தரையோடு படரும். இலைக்கணுவுக்கு ஒரே ஒரு பூ, நீளக் காம்பில். ஆதண்டை இலை நீள்வட்டம், நுனியில் சின்ன முனை இருக்கும்; கொடிபோல வேலியில் ஏறும்; இலைக்கணுவுக்கு மேலே தண்டில் பூக்கள் வரிசையாக ஒன்றன்மேல் ஒன்றாக வரும். சந்தேகம் இருந்தால் பணம் கொடுப்பதற்கு முன்பே ஒரு கிளையைப் பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்திலோ பையூர் ஆராய்ச்சி நிலையத்திலோ காட்டிக் கேளுங்கள்.

விதை வாங்கும் விவசாயியும் நுகர்வோர்தான் என்று 2012லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதை நம்பி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு தயார் செய்கிறேன்; இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். என் ரசீதில் 'முள் நாற்று 300' என்று மட்டும்தான் இருக்கிறது, செடியின் பெயர் இல்லை. அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் பதிவில் மட்டும் 'கேப்பர்' என்ற சொல் மூன்று முறை வருகிறது. அவரிடம் வாங்கியவர்கள் யாராவது இருந்தால், அந்தக் குரல் பதிவுகளை அழித்துவிடாதீர்கள்.