உள்நாட்டுப் போரின் இரட்டைப் படங்கள்: எதில் வைத்துப் பார்ப்பது?

அமெரிக்க உள்நாட்டுப் போரின் பிணங்கள் கிடக்கும் புகைப்படங்களைப் பாடப்புத்தகத்திலோ இணையத்திலோ பார்த்திருப்பீர்கள். அவற்றில் பலவும் பாதிப் படங்கள்தான். ஆண்டீட்டம், கெட்டிஸ்பர்க் போர்க்களங்களுக்குப் போன புகைப்படக்காரர் அலெக்சாண்டர் கார்ட்னரின் குழுவினர் பெரும்பாலும் இரண்டு லென்ஸ் கொண்ட ஸ்டீரியோ கேமராவில்தான் எடுத்தார்கள். இடது கண்ணுக்கு ஒன்று, வலது கண்ணுக்கு ஒன்று என இரண்டு படங்கள்; இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் காட்சிக்கு ஆழம் வந்துவிடும். அச்சுக்குப் போகும்போது ஒரு பாதி போதும் என்று மற்றதை விட்டுவிடுகிறார்கள். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் மூலக் கண்ணாடி நெகட்டிவ்களை ஸ்கேன் செய்து இலவசமாகவே தருகிறது. கேள்வி, அவற்றை எப்படிப் பார்ப்பது என்பதுதான்.

முதல் போட்டியாளர் பழைய வழி: கையில் பிடிக்கும் ஸ்டீரியோஸ்கோப். அமெரிக்க மருத்துவரும் எழுத்தாளருமான ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் 1861 வாக்கில் வடிவமைத்து, காப்புரிமை கூட வாங்காமல் விட்ட எளிய மரக்கருவி. இரண்டு லென்ஸ், முகத்தை மறைக்கும் ஒரு கூண்டு, முன்னும் பின்னும் நகரும் அட்டை தாங்கி. ஏழு அங்குல அகல அட்டையைச் செருகிக் கண்ணை வைத்தால் அறையே மறைந்துவிடும். அந்தத் தனிமைதான் இதன் பலம். 1862 அக்டோபரில் நியூயார்க்கில் புகைப்படக்காரர் மாத்யூ பிரேடியின் கூடத்தில் ஆண்டீட்டம் பிணங்களின் படங்கள் வைக்கப்பட்டபோது, அட்டைகளை விலைக்கு வாங்கி வீட்டுக்கும் கொண்டுபோக முடிந்தது. அன்றைய பத்திரிகைகளால் புகைப்படத்தை அப்படியே அச்சிட முடியாது. மரச்செதுக்கு ஓவியமாக மாற்றித்தான் போட்டார்கள். நிஜப் படம் வேண்டுமென்றால் அட்டைதான். ஆண்டீட்டத்தில் காயம்பட்ட மகனைத் தேடி அந்த ஊருக்கே போய் வந்தவர் ஹோம்ஸ். அந்தப் படங்களைப் பார்த்ததும் அலமாரியின் உள்ளே புதைத்து வைக்கத் தோன்றியதாகப் பிறகு எழுதினார். கருவியை உருவாக்கியவருக்கே தாங்கவில்லை.

அசல் அட்டைகள் சேகரிப்பாளர்களின் சந்தை. அதில் இறங்க வேண்டாம். (இறங்கியே தீர்வேன் என்றால் பின்புறம் பாருங்கள். 1864 செப்டம்பர் முதல் 1866 ஆகஸ்ட் வரை புகைப்படங்களுக்கு வரி இருந்தது. வரி வில்லை ஒட்டியிருந்தால் விற்ற காலம் தெரிந்துவிடும்.) ஸ்கேனை எடுத்து நாமே அச்சிட்டு, கெட்டி அட்டையில் ஒட்டி, ஒரு மலிவான பிளாஸ்டிக் வியூவரில் வைத்தாலே அனுபவத்தில் பெரும்பகுதி கிடைத்துவிடும்.

அடுத்து சிவப்பு, நீலப்பச்சைக் காகிதக் கண்ணாடி. இரண்டு படங்களையும் இந்த இரண்டு நிறங்களில் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டால், ஒவ்வொரு கண்ணுக்கும் அதனதன் படத்தை இது பிரித்துக் காட்டும். வகுப்பறைத் திரையில் நாற்பது பேர் ஒன்றாகப் பார்க்க வேண்டுமென்றால் கைக்கு எட்டுவது இதுதான். தனியாகப் பார்க்க எனக்கு ஒத்துவராது. செபியா நிறம் போய்விடும். அதைவிடப் பெரிய குறை, பேய் போல ஒட்டிக்கொள்ளும் இரண்டாம் உருவம். அன்று படம் எடுக்கப் பயன்பட்ட கொலோடியன் பூசிய கண்ணாடித் தகடு நீல ஒளியைத்தான் அதிகம் உள்வாங்கும் என்பதால் இந்தப் படங்களில் வானம் வெறும் வெள்ளை. அதன் எதிரே கறுத்த மரக்கிளை, வேலி. பேய் உருவம் தெளிவாகத் தெரிவதற்கு இதைவிடத் தோதான இடம் வேண்டாம்.

இடது, வலது படங்களை மாற்றி மாற்றி ஆட்டிக் காட்டும் ஜிஃப் மூன்றாவது. நியூயார்க் பொது நூலகம் 2012இல் இதற்கென்றே ஒரு கருவியை வெளியிட்டது. கண்ணாடி வேண்டாம், ஒற்றைக் கண் பார்வை உள்ளவருக்கும் ஆழம் புரியும். முகாம் கூடாரத்துக்கும் பீரங்கி வரிசைக்கும் சரி. ஆனால் இறந்தவர்களின் படத்துக்கு வேண்டவே வேண்டாம். வயலில் கிடக்கும் உடல் வெட்டி வெட்டி ஆடுவதைப் பார்க்க அருவருப்பாக இருக்கிறது. அந்தக் காலத்தில் நொடிக்கணக்கில் லென்ஸைத் திறந்து வைக்க வேண்டியிருந்ததால், அசையாதவைதான் படத்தில் தெளிவாகப் பதிந்தன. அதையே ஆட்டிக் காட்டுவது எனக்கு ஒப்பவில்லை.

ஆழமே வேண்டாம், ஒற்றைப் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கிறேன் என்பவர்களுக்கும் நியாயம் உண்டு. கெட்டிஸ்பர்க்கில் பாறைச் சுவரருகே கிடக்கும் 'குறிபார்த்துச் சுடும் வீரர்' வேறு இடத்திலிருந்து தூக்கிவரப்பட்ட உடல் என்பதை 1975இல் வரலாற்றாய்வாளர் வில்லியம் ஃப்ராசனிட்டோ நிறுவினார். படங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, பாறைகளைக் களத்தில் அடையாளம் கண்டுதான் அது நடந்தது. துப்பறிய வேண்டுமா, பெரிய ஸ்கேன். களத்தில் நிற்க வேண்டுமா, அட்டையும் வியூவரும். என் ஓட்டு அட்டைக்கும் வியூவருக்கும்தான்.

கருவியே இல்லாமல் கண்ணைத் தளர்த்திப் பார்ப்பவர்களும் உண்டு. பழகினால் செலவே இல்லை. ஆனால் ஒரு பொறி இருக்கிறது. வெட்டாத நெகட்டிவை நிமிர்த்தினால் இடது கண் படம் வலப்பக்கம் இருக்கும். ஸ்டுடியோக்காரர்கள் அச்சிட்ட பிறகு வெட்டி, இடம் மாற்றி ஒட்டினார்கள். நீங்களும் ஸ்கேனை வெட்டி மாற்றுங்கள், இல்லையென்றால் பள்ளம் மேடாகவும் மேடு பள்ளமாகவும் தெரியும். எது எந்தக் கண்ணுடையது என்று குழம்பினால், முன்னால் உள்ள வேலிக் கம்பத்தைப் பின்னணியோடு ஒப்பிடுங்கள். எந்தப் படத்தில் கம்பம் வலப்பக்கமாகத் தள்ளி நிற்கிறதோ அதுதான் இடது கண்ணுக்கு.