கைராசிக்குக் குறைவில்லை

லீவில் ஊருக்கு வந்தால் பத்திர ஆபீஸ், பாங்க், ஆதார் என்று அலைவதுதான் வழக்கம். இந்த முறை என் பொழுதெல்லாம் ஊசி போடும் இடங்களில் கழிந்தது. அப்பாவுக்கு நாகர்கோவிலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இடுப்பெலும்பு ஆபரேஷன். அவர் வீட்டுக்கு வந்த சூட்டோடு, பையனைத் தெருநாய் கடித்துவிட்டது.

கணுக்காலில் பல் பதிந்து ரத்தம் வந்தது. மஞ்சளோடும் சுண்ணாம்போடும் வந்த மாமிகளைத் திருப்பி அனுப்பிவிட்டு, குழாயைத் திறந்து கால் மணி நேரம் சோப்புப் போட்டுக் கழுவினோம். பிறகு நேராகத் தக்கலை அரசு ஆஸ்பத்திரி. ஓ.பி. சீட்டுக்கு வரிசை நீளம்தான், ஆனால் நாய்க்கடி என்றதும் வழி விட்டார்கள். காசு எதுவும் கேட்கவில்லை.

ரத்தம் வந்த கடி என்பதால் தடுப்பூசி மட்டும் போதாது, ரேபிஸ் கிருமியை உடனடியாக எதிர்க்கும் இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தும் வேண்டும் என்றார் டாக்டர். அதற்கு முதலில் பையனை எடை பார்த்தார்கள். மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது. அதைக் கையிலோ இடுப்பிலோ போட்டு முடிப்பதில்லை. கடிவாயைச் சுற்றியும் அதற்குள்ளேயும் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குகிறார்கள். கணுக்காலில் சதை ஏது? பையன் போட்ட கூச்சல் வராந்தா முழுக்கக் கேட்டிருக்கும்.

தடுப்பூசி அவ்வளவு பாடாக இல்லை. இங்கே அதைத் தசையில் போடாமல் தோலுக்குள்ளேயே போடுகிறார்கள், இரண்டு புஜத்திலும் 0.1 மில்லி வீதம். மருந்து கொஞ்சமே செலவாவதால் ஒரு குப்பி பல பேருக்கு வரும். ஊசியைத் தோலோடு ஏறக்குறைய படுக்க வைத்து, நுனியின் வாய் மேலே பார்க்கும்படி மெல்ல நுழைத்தார் சிஸ்டர். "மக்களே, கையை ஆட்டப்பிடாது." வலது கையில் கொசு கடித்தாற்போல் வெளிறிய தடிப்பு எழும்பியது. இடது கையில் எழும்பவில்லை. நாங்கள் யாரும் அதைக் கவனிக்கவே இல்லை. அவரே, "இது உள்ளே இறங்கிட்டு, கணக்கில்லை" என்று சொல்லிப் பக்கத்தில் இன்னொரு முறை போட்டார். பின்னால் அத்தனை பேர் நிற்கும்போது அப்படிச் செய்ய ஒரு மனசு வேண்டும்.

0, 3, 7, 28 என்று நாட்களைக் கார்டில் எழுதிக் கொடுத்தார்கள். இருபத்தெட்டாம் நாள் நாங்கள் மஸ்கட்டில் இருப்போம் என்றதும், மருந்தின் பெயரையும் தோலுக்குள் போட்டது என்பதையும் சேர்த்து எழுதித் தந்தார். மஸ்கட் கிளினிக்கில் அந்தக் கார்டைப் பார்த்துவிட்டு, கடைசி டோஸைக் கையில் தசையில் போட்டார்கள். இடையில் முறை மாறினாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லையாம்.

அப்பா விஷயத்துக்கு வருகிறேன். ரத்தம் உறையாமலிருக்க எனாக்சபாரின், சர்க்கரைக்கு இன்சுலின், இரண்டும் வீட்டில் தினமும் போட வேண்டும். குவைத்தில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பிய ஒரு சிஸ்டர், மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து ஸ்கூட்டரில் வருவார். வந்த முதல் நாள் அவர் கேட்ட முதல் கேள்வி: "கடைசி ஊசி எத்தனை மணிக்கு? எந்தப் பக்கம் போட்டாங்க?" டிஸ்சார்ஜ் சீட்டில் அது இல்லை. பில்லில் மட்டும் ஊசி, சிரிஞ்சு, கையுறை எல்லாம் தனித்தனியே இருந்தது! போன் செய்தால் வார்டு, பார்மசி, பில்லிங் என்று சுற்றவிட்டார்கள். கடைசியில் இரவுப் பணியிலிருந்த ஒரு பெண்தான் நோட்டைப் பார்த்துச் சொன்னார்.

தொப்புளுக்கு இரண்டு அங்குலமாவது தள்ளி, வயிற்றுத் தோலைக் கொழுப்போடு மடித்துப் பிடித்து, ஊசியைச் செங்குத்தாக இறக்கினார். மருந்து நிரப்பியே வரும் அந்தச் சிரிஞ்சில் ஒரு காற்றுக்குமிழி இருக்கும். அதை வெளியேற்றக் கூடாது என்று எனக்குக் காட்டினார். போட்ட இடத்தைத் தேய்க்கவும் கூடாது, ரத்தம் கட்டிவிடும். இடுப்பு ஊசி என்றாலே தேய்த்துவிடும் பழக்கத்தில் அம்மா பஞ்சோடு நின்றார். "தேய்க்காதீங்கம்மா, சும்மா அமுக்கினாப் போதும்."

இன்சுலின் குப்பியைத் தொட்டதும் லேபிளைப் படித்தார். நம் நாட்டில் மில்லிக்கு 40 யூனிட் குப்பியும் உண்டு, 100 யூனிட் குப்பியும் உண்டு. சிரிஞ்சும் அந்தந்தக் கணக்குக்குத் தனி. 40 சிரிஞ்சின் மூடி சிவப்பு, 100க்கு ஆரஞ்சு. 100 யூனிட் மருந்தை 40 சிரிஞ்சில் எடுத்தால் இரண்டரை மடங்கு ஏறிவிடும், ஆளே மயங்கி விழலாம். வெளிநாட்டிலிருந்து அப்பா அம்மாவுக்குச் சிரிஞ்சு வாங்கி வருகிறவர்கள் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள். பொதுவாக அங்கே கிடைப்பது 100தான்.

அப்புறம், என் மனைவிக்குக் காய்ச்சல் என்று பக்கத்து கிளினிக்குக்குப் போனோம். போன வேகத்தில் இடுப்பில் ஒரு ஊசி. என்ன மருந்து என்று கேட்டதற்கு, "காய்ச்சலுக்குள்ள ஊசிதான்." சீட்டில் மாத்திரைகளின் பெயர் மட்டும் இருந்தது. ஊசியின் பெயரை எழுதித் தரச் சொன்னதும், நான் ஏதோ சண்டைக்கு வந்தவன் போல் பார்த்தார்கள். எழுதித் தந்தார்கள், வாசிக்கத்தான் முடியவில்லை. மெடிக்கல் ஷாப் அண்ணனிடம் காட்டியிருக்கிறேன், அவரும் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.