கோர்ட் சட்ட உதவி மையம்: காசில்ல, படிதான் ஜாஸ்தி

எங்க சித்தப்பா பையனுக்கு காது கேக்காது, பேச்சும் வராதுங்க. மாட்டுச் சந்தைல நடந்த அடிதடிய நேர்ல பாத்துட்டான், சாட்சி சொல்ல ஸ்டேஷனுக்கு வரோணும்னு அவன் நம்பருக்கே போன் மேல போன், காது கேக்காதவனுக்கு! அப்பறந்தான் எங்கூரு கோர்ட்ல இருக்கற இலவச சட்ட உதவி மையத்துக்குப் போனோம். மாற்றுத்திறனாளின்னா வருமானம் எவ்வளவுன்னே பாக்கறதில்ல, வக்கீல் ஃப்ரீ, 1987ல போட்ட சட்ட உதவிச் சட்டத்துலயே இருக்குதாமா.

வக்கீலம்மா பொறுமையா சொன்னாங்க, மாற்றுத்திறனாளி சாட்சிய ஸ்டேஷனுக்கு வரச்சொல்லி கட்டாயப்படுத்தக்கூடாது, வீட்டுக்குத்தான் போய் விசாரிக்கோணும், போலீஸ் விசாரணைக்கான புதுச் சட்டம் பிஎன்எஸ்எஸ், அதுல 179வது பிரிவுல இருக்குது, அதுக்கு முன்னாடி இருந்த பழைய சட்டம் சிஆர்பிசிலயும் இருந்துச்சுன்னு. ஒரு மனு எழுதிக் குடுத்தாங்க, ஏட்டய்யா சைகை மொழி தெரிஞ்சவரோட வீட்டுக்கே வந்து, காப்பியெல்லாம் குடிச்சுப்போட்டுத்தான் போனாரு.

கொறைன்னா ரூமு மாடில, லிஃப்ட் இல்ல, சாய்தளமும் இல்ல. வீல்சேர்ல வந்த பெரியம்மா ஒருத்தர் கீழயே உக்காந்திருந்தாங்க, கடைசில வக்கீலம்மாதான் ஃபைலோட எறங்கி வந்தாங்க. 2016ல மாற்றுத்திறனாளிகளுக்குன்னே தனிச் சட்டம் போட்டும் இப்படித்தானுங்க.

கோயமுத்தூர், ஈரோடு, திருப்பூர் எங்கிருந்தாலும் 15100ங்கற சட்ட உதவி நம்பருக்கு அடிச்சுக் கேளுங்க. 4 ஸ்டார், ஒண்ண படிக்கட்டுக்காக புடிச்சுக்கிட்டேன்.