மணல் இல்லாத கடற்கரை விடுதிக்கு ஒரு லட்சம்

மூன்று வருஷம் கழித்து இந்தப் பொங்கலுக்குத்தான் மெல்பர்னிலிருந்து ஊருக்குப் போனோம். அம்மா பண்ருட்டியில் இருக்கிறார்கள். 72 வயது, இரண்டு முட்டியிலும் வலி. போனிலேயே சொல்லிவிட்டார்கள், "எதுவும் வாங்கிட்டு வராதடா, எல்லாரும் சேர்ந்து ஒரு நாள் கடல்ல கால் நனைச்சிட்டு வரணும், அது போதும்."

அதனால் செலவு பார்க்க வேண்டாம் என்று முடிவு செய்து, புதுச்சேரிக்கு வடக்கே ஈ.சி.ஆர். ஓரமாக உள்ள ஒரு பெரிய ரிசார்ட்டில் எங்களுக்கும் தங்கச்சி குடும்பத்துக்கும் அம்மாவுக்குமாக மூன்று ரூம், இரண்டு ராத்திரிக்குப் போட்டேன். ரூம் ஒன்றுக்கு ஒரு ராத்திரிக்கு 14,000 ரூபாய், வாடகை 7,500-ஐத் தாண்டுவதால் 18 சதவீதம் ஜி.எஸ்.டி., ஆக மொத்தம் 99,120. பணம் முழுவதையும் முன்பே கட்டச் சொன்னார்கள், கட்டினேன். வெப்சைட்டில் இருந்த படத்தில் அகலமான வெள்ளை மணல், அதில் நாலு குடை, சாய்வு நாற்காலி, கீழே 'எங்கள் தனிக் கடற்கரை' என்று எழுதியிருந்தது.

2 மணிக்கு ரூம் என்றவர்கள் 4:15-க்குத்தான் சாவி கொடுத்தார்கள். அதுகூடப் பரவாயில்லை, பொங்கல் விடுமுறைக் கூட்டம். ஆனால் அம்மாவுக்குத் தரைத்தளம் வேண்டும் என்று இரண்டு முறை மெயில் அனுப்பி, "சரி சார்" என்று பதிலும் வாங்கியிருந்தேன். கொடுத்தது மாடி. லிப்ட் கிடையாது. 19 படி. அம்மா ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து, கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஏறினார்கள். மேலே போய்க் கையை விரித்தால் உள்ளங்கை முழுக்கத் துரு. உப்புக் காற்றில் அந்தக் கம்பி செதில் செதிலாக உரிந்துகொண்டிருந்தது, பெயின்ட் அடித்து எத்தனை வருஷம் ஆனதோ. அந்தக் கையைத் தெரியாமல் பொங்கலுக்கு எடுத்த சுங்குடிப் புடவையில் துடைத்துவிட்டார்கள். என்ன துவைத்தும் அந்தக் கறை போகவில்லை.

பெட்டிகளை வைத்துவிட்டுப் பிள்ளைகள் கடலுக்கு ஓடினார்கள், ஐந்து நிமிஷத்தில் திரும்பி வந்து "அப்பா, பீச் எங்கே?" என்றார்கள். நானும் போய்ப் பார்த்தேன். புல்வெளி முடிகிற இடத்தில் ஒரு கயிறு, 'இறங்காதீர்கள்' என்று ஒரு பலகை, அதற்குக் கீழே ஆள் உயரக் கருங்கற்கள், கல்லில் அலை மோதிக்கொண்டிருக்கிறது. ஒரு கைப்பிடி மணல் கிடையாது.

அங்கே நின்றிருந்த வாட்ச்மேன் பக்கத்துக் குப்பத்துக்காரர். "மணல் போய் ரொம்ப வருஷமாச்சு சார். நான் சின்னப் பையனா இருந்தப்ப எங்கப்பா இங்கதான் கரைவலை இழுப்பாரு" என்றார். அவர் சொன்னது இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த கதைதான். 1980-களில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காக அலைத்தடுப்புச் சுவர் கட்டினார்கள். நம் கரையில் வருஷத்தின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும், அது சுவரில் தடுக்கப்பட்டு அங்கேயே தேங்கியது. வடக்கே புதுச்சேரி நகரக் கடற்கரை தேய்ந்தது, அங்கே கல்லைக் கொட்டியதும் அரிப்பு இன்னும் வடக்கே குப்பங்களுக்கு நகர்ந்தது. வீடும் வலை காயப்போட இடமும் போன மீனவர்களின் இழப்புக்கு முன்னால் என்னுடைய ஒரு லட்சம் ஒன்றுமே இல்லை, அது எனக்குத் தெரியும். கடல் அரித்ததற்கு ரிசார்ட் பொறுப்பில்லை. ஆனால் மணல் இருந்த காலத்துப் படத்தைப் போட்டு இன்றைக்கும் காசு வாங்குவது ஏமாற்று வேலை. இன்னொன்று, நம் நாட்டில் அலையடிக்கும் கரை யாருக்கும் தனிச் சொத்து கிடையாது, 'தனிக் கடற்கரை' என்று எழுதுவதே தப்பு.

மேனேஜரிடம் கேட்டேன். "கடல் தெரியுதுல்ல சார்" என்றார். அந்தப் பதிலில்தான் எனக்குக் கோபம் வந்தது. தெரிவதற்கா வந்தோம்? ஒரு ராத்திரிப் பணத்தையாவது திருப்பிக் கொடுங்கள், கிளம்புகிறோம் என்றால், கட்டியது கட்டியதுதான் என்றார்.

மற்றதையெல்லாம் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தங்கச்சி ரூமில் ஏ.சி. ஒழுகி ராத்திரி முழுக்கக் கீழே பக்கெட். பைப்பில் உப்புத் தண்ணீர், சோப்பு நுரைக்கவே இல்லை. மீன் குழம்பு கேட்டால் வந்தது ஐஸில் கிடந்த பாசா என்கிற வளர்ப்பு மீன். கடலூர் துறைமுகத்தில் விடியற்காலையில் வஞ்சிரமும் சங்கராவும் வந்து இறங்குகிற இந்தப் பக்கத்தில், கடலைப் பார்த்துக்கொண்டு பாசா சாப்பிட மனசு ஒப்பவில்லை, அம்மா ரசத்தோடு முடித்துக்கொண்டார்கள். பில்லில் 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ் வேறு. ஓட்டல்கள் அதைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-லேயே சொல்லிவிட்டது, டெல்லி உயர் நீதிமன்றமும் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. இதைச் சொன்னவுடன் மறுபேச்சில்லாமல் எடுத்தார்கள், சொல்லாதவர்கள் எல்லாம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

வேலை பார்ப்பவர்களைக் குறை சொல்ல மாட்டேன். சாப்பாட்டுக் கூடத்தில் அவ்வளவு கூட்டத்துக்கும் மூன்றே பேர் ஓடிக்கொண்டிருந்தார்கள். ரூம் சுத்தம் செய்ய வந்த அக்கா, அம்மா முட்டியைத் தேய்ப்பதைப் பார்த்துவிட்டு, யாரும் கேட்காமலே சமையல் கட்டிலிருந்து ஒரு பாத்திரம் வெந்நீரும் துணியும் கொண்டுவந்து ஒத்தடம் கொடுத்தார். அங்கே எங்களை விருந்தாளியாக நடத்தியது அவர் ஒருவர்தான்.

இரண்டாம் நாள் காலையிலேயே கிளம்பிவிட்டோம். கடலூர் வழியாகவும் பண்ருட்டிக்குப் போகலாமே என்று, அப்படியே வண்டியைத் தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சுக்கு விட்டோம். பெரிய மணல்வெளி. நானும் மச்சானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொள்ள, அம்மா கணுக்கால் தண்ணீரில் கால் மணி நேரம் நின்றார்கள். அப்புறம் சுண்டல் வாங்கிச் சாப்பிட்டோம், ஏழு பேருக்கும் சேர்த்து 200 ரூபாய்கூட ஆகவில்லை.

பெற்றோரைக் கூட்டிக்கொண்டு இந்தப் பக்கம் ரிசார்ட் போடுகிறவர்கள், பணம் கட்டுவதற்கு முன்னால் போன் செய்து, இன்றைக்கு எடுத்த கரைப் படம் ஒன்றை வாட்ஸ்அப்பில் கேளுங்கள். கொடுக்கத் தயங்கினால் விட்டுவிடுங்கள். தரைத்தள ரூம் என்றால் நம்பரோடு எழுதி வாங்குங்கள்.

மெல்பர்ன் திரும்பும் முன் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் தங்கச்சி பேரில் புகார் பதிந்திருக்கிறோம். நாலு நாள் கழித்து ரிசார்ட்டிலிருந்து கூப்பிட்டு, அடுத்த முறை வந்தால் ஒரு ராத்திரி இலவசம் என்றார்கள். வேண்டாம், முதலில் அந்தப் படத்தை எடுங்கள் என்றேன். நேற்றும் பார்த்தேன், எடுக்கவில்லை.