ஐடெக்ஸா, டிடிஎஃப்பா, மேக்-2வா? ராணுவச் சரக்கு ஆய்வுக்கு எந்தக் கதவைத் தட்டுவது

சியாச்சின் முகாமுக்கு மண்ணெண்ணெய் கொண்டுபோகும் டிரோன் ஒன்றைச் செய்ய ஒரு சின்ன நிறுவனம் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். தரைமட்டத்தில் 30 கிலோவை அநாயாசமாகத் தூக்கும் டிரோன், காற்றழுத்தம் ஏறத்தாழ பாதியாகிவிடும் 5,500 மீட்டரில் முனகும். உறைகுளிரில் பேட்டரி பாதி வழியிலேயே கையை விரிக்கும். நாலைந்து மாதிரிகளாவது செய்து உடைத்துப் பார்த்தால்தான் விஷயம் பிடிபடும். இதற்காகத் தட்ட டெல்லியில், பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ், மூன்று கதவுகள் இருக்கின்றன.

முதலாவது ஐடெக்ஸ், ராணுவத்துக்குப் புதுப் பொருள் செய்யும் சின்ன நிறுவனங்களுக்கான மானியத் திட்டம். 2018 ஏப்ரலில் சென்னையை அடுத்த திருவிடந்தையில் நடந்த ராணுவக் கண்காட்சியில் தொடங்கி வைத்தார்கள். சாதாரண மானியம் 1.5 கோடி ரூபாய் வரை, பிரைம் பிரிவில் 10 கோடி, 2024இல் வந்த அதிதி பிரிவில் 25 கோடி. தொகையைப் பார்த்து மயங்கும் முன் ஒன்றைக் கவனியுங்கள்: இது மொத்தச் செலவில் பாதிதான். மறுபாதி உங்கள் பை. வருவதும் ஒரே தவணையில் இல்லை, மைல்கல் மைல்கல்லாக. ஒரு மைல்கல்லுக்கான கையெழுத்து இரண்டு மாதம் தள்ளிப்போனால் சம்பளத்துக்கு யார் பொறுப்பு? திட்ட அறிக்கையில் யாரும் எழுதாத வரி அதுதான்.

இரண்டாவது, அரசின் ராணுவ ஆய்வு அமைப்பான டிஆர்டிஓ நடத்தும் தொழில்நுட்ப மேம்பாட்டு நிதி, சுருக்கமாக டிடிஎஃப். செலவில் 90 சதவீதம் வரை தருகிறார்கள். உச்சவரம்பு 2022இல் 10 கோடியிலிருந்து 50 கோடியாக உயர்ந்தது. காகிதத்தில் இதுவே தாராளம். ஆனால் பிறக்கும் அறிவுசார் சொத்தில் டிஆர்டிஓவும் பங்காளி. அதே பேட்டரி உறையைச் சிவில் சந்தையிலும் விற்கும் எண்ணம் இருந்தால், கையெழுத்துப் போடும் முன் வக்கீலிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். ஐடெக்ஸில் சொத்து உங்களிடமே தங்கும்.

மூன்றாவது மேக்-2, ராணுவக் கொள்முதல் விதிகளில் உள்ள ஒரு வழி. இதில் மாதிரி செய்யக் காசே கிடையாது. முழுச் செலவும் உங்களுடையது; மாதிரி தேறினால் கொள்முதல் என்பதுதான் பேச்சு. பெரிய நிறுவனங்களுக்குச் சரி. அதன் அண்ணனான மேக்-1இல் மாதிரிச் செலவில் அரசு 70 சதவீதம் வரை போடும், ஆனால் அது வேறு அளவு ஆட்டம்.

சரி, எது? என் ஓட்டு ஐடெக்ஸுக்கு. பாதிப் பணம்தான் என்றாலும்.

காரணம் சரக்குத் துறையின் தன்மை. ஏவுகணை என்றால் கேட்பவர் யார் என்று தெரியும். சரக்கில் அப்படியில்லை. தரைப்படையின் பிரிவுகளில் சர்வீஸ் கோர் சுமக்கும், ஆர்ட்னன்ஸ் கோர் கிடங்கில் வைக்கும், பழுதென்றால் இஎம்இ என்ற பொறியாளர் பிரிவு பார்க்கும். உங்கள் டிரோன் யாருடைய பொருள்? ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கைகாட்டினால் பரிசோதனை நடக்கும், கொள்முதல் நடக்காது. ஐடெக்ஸ் சவாலில் பிரச்சினையை எழுதிக் கொடுப்பதே படைதான். நோடல் அதிகாரி என்று தொடர்புக்கு ஒருவர் இருப்பார். அந்த ஒருவர் 90 சதவீத மானியத்தைவிடப் பெரிய சொத்து.

டிடிஎஃப் பக்கம் போக வேண்டிய நேரமும் உண்டு. முழுப் பொருளை விட்டுவிட்டு, குளிர் தாங்கும் பேட்டரி வேதியியல் மாதிரி ஒரு நுட்பத்தை மட்டும் இரண்டு மூன்று ஆண்டு தோண்டப்போகிறீர்கள் என்றால் அங்கேதான் போக வேண்டும். டிஆர்டிஓ ஆய்வக விஞ்ஞானி ஒருவரின் கண்காணிப்பு அப்போது தொல்லையாக இருக்காது.

எந்தக் கதவானாலும், 'தூக்கும் எடை 30 கிலோ' என்று விண்ணப்பத்தில் எழுதாதீர்கள். எத்தனை மீட்டர் உயரத்தில், எத்தனை டிகிரி குளிரில், திரும்பி வருவதற்கான பேட்டரி எடையையும் கழித்த பின் எத்தனை கிலோ என்று எழுதுங்கள். அங்கே 12 கிலோதான் என்றால் 12 என்றே போடுங்கள்.