ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்: மாற்றாமல் ரிப்பேர் பார்த்து ஓட்டும் அனுபவம்

எங்கள் டீசல் கார் பொள்ளாச்சிக்கும் வால்பாறைக்கும் அடிக்கடி போய்வருவது. 6 கியர், டார்க் கன்வெர்ட்டர் (இன்ஜின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) வகை ஆட்டோமேட்டிக். 1 லட்சம் கிலோமீட்டர் தாண்டியதும் தொல்லை ஆரம்பித்தது. ஆழியாற்றுக்கு மேலே 40 கொண்டை ஊசி வளைவுகளும் ஏறிச் சூடான பிறகு, ரிவர்ஸிலிருந்து டி-க்கு (டிரைவ்) தள்ளினால் சற்றுத் தாமதித்து 'டொக்'கென்று பாயும். 2-லிருந்து 3-க்குப் போகையில் பின்னால் யாரோ இடித்த மாதிரி ஒரு உதை.

சர்வீஸ் சென்டரில் ஸ்கேனர் போட்டுப் பார்த்துவிட்டு முழு கியர்பாக்ஸையும் மாற்றச் சொன்னார்கள். அந்த விலை, காரை விற்றால் கிடைப்பதில் பாதிக்கு மேல். கோவையில் ஆட்டோமேட்டிக் மட்டுமே பார்க்கும் பட்டறைக்காரர் சொன்னதுதான் எனக்குச் சரியாகப் பட்டது: "ஏனுங்ணா, ஆயில் பேனைக் கழட்டிப் பாக்காம பாக்ஸை எதுக்குங்க எறக்கோணும்?"

முடிவே அந்தப் பேனில்தான், அதாவது கியர்பாக்ஸுக்கு அடியில் ஆயில் தேங்கும் தட்டில்தான் இருக்கிறது. அதிலுள்ள காந்தத்தில் சாம்பல் நிறத்தில் மை போலப் படிந்திருந்தால் வழக்கமான தேய்மானம். மின்னும் உலோகச் செதில்கள் கிடந்தாலோ, ஆயில் கறுத்துக் கருகல் வாடை அடித்தாலோ உள்ளே கிளட்ச் தகடுகளோ பேரிங்கோ போயிருக்கும்; அப்போது சில்லறை வேலை வீண். எங்களுடையதில் செதில் இல்லை, கருகல் வாடையும் இல்லை. ஆயில் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வ் பாடியில் ஒரு சொலினாய்டு (மின்சாரத்தில் இயங்கும் சின்ன வால்வ்) சூட்டில் மக்கர் செய்தது. எங்கள் வண்டியில் அதைக் கியர்பாக்ஸை இறக்காமலே கீழிருந்து கழற்றலாம்.

சொலினாய்டு, ஃபில்டர், ஆயில் மூன்றும் மாற்றினோம். ஒருமுறை வடித்தால் பழைய ஆயில் முழுதும் வராது, கன்வெர்ட்டருக்குள் நிறையத் தங்கிவிடும். அதனால் கொஞ்ச நாள் ஓட்டிவிட்டு மறுபடி வடித்து மாற்றினோம். ஆயில் அளவைக் கம்பெனி சொன்ன சூட்டில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். அப்புறம் கியர்பாக்ஸின் கம்ப்யூட்டர் பழகி வைத்திருக்கும் பழைய கியர் மாற்றும் பழக்கத்தை ஸ்கேனரில் அழித்துப் புதிதாகக் கற்க வைக்க வேண்டும். இதை விட்டால் நல்ல வேலையும் கெட்ட வேலை மாதிரித் தெரியும்.

2 தீபாவளி கடந்துவிட்டது. மலையில் அந்த உதை திரும்பவே இல்லை. மார்கழிக் காலையில் முதல் சில நிமிடம் 1-லிருந்து 2-க்கு லேசான இழுப்பு உண்டு, சூடானதும் போய்விடும்.

'ஆயுளுக்கும் ஒரே ஆயில் போதும்' என்பதை நம்ப வேண்டாம். கியர்பாக்ஸ் தயாரிக்கும் இசட்.எஃப் நிறுவனமே தன் பாக்ஸ்களுக்கு 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் ஆயில் மாற்றச் சொல்கிறது. எங்கள் மலைப் பாதைக்கு அதற்கு முன்பே மாற்றிவிடுவது நல்லது.

அடுத்த முறை பேனில் செதில் கண்டால் பாக்ஸையே மாற்றத்தான் போகிறேன். ஆனால் எந்த வண்டியிலிருந்து கழற்றியது என்றே தெரியாத பழைய பாக்ஸ் வேண்டாம். பிரித்துச் சரிசெய்து எழுத்தில் வாரண்டி தரும் பாக்ஸாக இருந்தால் மட்டும். அதோடு ஆயில் கூலரையும் கழுவச் சொல்வேன். பழைய பாக்ஸின் தூள் அதில் தங்கியிருந்தால் மாற்றிய பாக்ஸையும் தின்றுவிடும்.